ஆறு மணி நேர ஞாபகம்

கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் எழுதிய நிரலுக்கு நேற்று என்று ஒன்று கிடையாது. யாரோ ஒரு பொத்தானை அழுத்துகிறார்கள், அல்லது ஒரு படிவத்தை அனுப்புகிறார்கள். எங்கோ ஒரு சர்வரில் நிரல் விழித்துக்கொள்கிறது. மாறிகளையெல்லாம் முதலிலிருந்து நிரப்பிக்கொள்கிறது. வேலையை முடித்துவிட்டுப் போய்விடுகிறது. ஆயுள் அதிகபட்சம் ஆறு நிமிடம். அடுத்த அழைப்புக்கு வருவதும் அதே நிரல்தான் என்றாலும், முன்பு வந்தது எதைப் படித்தது, எதைக் கணக்கிட்டது என்று அதற்கு ஒன்றும் தெரியாது. கோப்பின் தலையில் ஒரு மாறியைப் பூஜ்யம் என்று வைத்து, ஒவ்வொரு அழைப்பிலும் ஒன்று கூட்டிக்கொண்டே போனால் மாதக் கடைசியில் ஆயிரம் வந்திருக்கும் என்று எதிர்பார்ப்பவருக்கு எப்போதும் ஒன்றுதான் கிடைக்கும்.

அலுவலகத்தின் மூலையில், ஏசி அறையில் சொந்தமாக ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் கதை தலைகீழ். அங்கே நிரல் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். ஒருமுறை நினைவில் ஏற்றியதை விடவே விடாது. நினைவகம் நிரம்பி மூச்சுத் திணறும்போது யாராவது போய் அணைத்துவிட்டு மறுபடி போடுவார்கள். அன்றைக்குத் தொல்லை கொடுத்தது மறக்க முடியாமை. கிளவுடுக்கு வந்த பிறகு மறதி. இடைப்பட்ட ஒரு ஞாபகம் வேண்டும் என்று கேட்டவர்களுக்குக் கொடுக்கப்பட்டதுதான் கேச் சர்வீஸ்.

அதற்குப் போகுமுன் ஒன்று. பலரும் கேச்சைத் தேடி ஓடுவது நிரல் மெதுவாக இருக்கிறது என்பதால். மெதுவாக இருப்பதற்கான காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் கிடக்கும். கூகுள் ஷீட்டில் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகத் தொடுவது என்றால், ஒவ்வொரு முறையும் நிரல் தன் இடத்தை விட்டு ஷீட் இருக்கும் இடத்துக்குப் போய் வர வேண்டும். கூகுளின் கையேட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு: நூறு வரிசை, நூறு நெடுக்கை, மொத்தம் 10,000 கட்டங்களுக்கு ஒவ்வொன்றாக நிறம் போட்டால் சுமார் 70 நொடி; எல்லா நிறங்களையும் ஓர் அணியில் அடுக்கி ஒரே முறை கொண்டுபோய்ப் போட்டால் ஒரு நொடி. இதற்குக் கேச் தேவையே இல்லை. ஒரு சாதாரண மாறி போதும். ஓர் ஓட்டத்துக்குள் ஒருமுறை படித்ததை மறுபடி படிக்காதே என்பதுதான் முதல் பாடம். அதைத் தாண்டாதவர்கள் கேச் சர்வீஸைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை என்பது என் கட்சி.

தாண்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிறுபத்திரிகையின் சந்தாப் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். இதைப் படிப்பவர்களுக்குப் பழக்கமான விஷயம். பெயர், முகவரி, சந்தா முடியும் தேதி என்று இரண்டாயிரம் வரிசைகள் ஒரு ஷீட்டில் இருக்கின்றன. சந்தாதாரர் தன் எண்ணைத் தட்டினால் எந்த இதழோடு சந்தா முடிகிறது என்று சொல்லும் சின்னப் பக்கம் ஒன்று. ஒவ்வொருவர் வரும்போதும் ஷீட் முழுவதையும் திறந்து படிக்க வேண்டியிருக்கிறது. ஆசிரியர் குழு அந்த ஷீட்டைத் தொட்டு மூன்று நாளாகியிருக்கும். ஆனாலும் நிரல் ஒவ்வொரு தடவையும் அதைப் புதிதாகப் பார்ப்பது போலவே பார்க்கும்.

கேச் வந்தால் நடப்பது இது. நிரல் முதலில் கேச்சிடம் ஒரு பெயரைச் சொல்லிக் கேட்கிறது. இருந்தால் கிடைக்கும். இல்லாவிட்டால் வெற்று மதிப்பு வரும். வெற்று என்றால் ஷீட்டுக்குப் போய்ப் படித்து, வேண்டியதை மட்டும் பிரித்தெடுத்து, எழுத்துச் சரமாக மாற்றி, அந்தப் பெயரில் கேச்சில் போட்டுவிட்டு, பதிலைத் திருப்பித் தருகிறது. பெயர் 250 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு பெயரின் கீழ் 100 கிலோபைட் வரை வைக்கலாம். எவ்வளவு நேரம் என்று சொல்லாவிட்டால் 600 நொடி, அதாவது பத்து நிமிடம். சொன்னால் 21,600 நொடி வரை, அதாவது ஆறு மணி நேரம். அதற்கு மேல் இந்த ஞாபகத்துக்கு அனுமதி இல்லை.

இந்த 100 கிலோபைட்டைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்கலாம். கேம்பிரிட்ஜின் மாரிஸ் வில்க்ஸ் 1965இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்றில்தான் பெரிய, மெதுவான நினைவகத்துக்கு முன்னால் சின்ன, வேகமான நினைவகம் ஒன்றை வைக்கும் யோசனை தெளிவாக எழுத்தில் வந்தது. ஐபிஎம் 1968இல் அறிவித்த சிஸ்டம்/360 மாடல் 85 அதை விற்பனைக்கு வந்த எந்திரத்தில் கொண்டுவந்தது. அறையை அடைத்துக்கொண்டு நின்ற அந்த எந்திரத்தின் கேச் 16 கிலோபைட். கூடுதலாகக் காசு கொடுத்தால் 32. இன்றைக்கு ஒரு சந்தாப் பட்டியலுக்குக் காசில்லாமல் கிடைக்கும் ஒரே ஒரு பெட்டி அதைவிட மூன்று மடங்கு பெரியது. இருந்தும் போதவில்லை என்று அதைத் துண்டு துண்டாக வெட்டிப் பல பெயர்களில் சேமிக்க ஆளுக்கொரு உத்தி எழுதிக்கொண்டிருக்கிறோம். இரண்டாயிரம் முகவரிகளையும் கேச்சில் ஏற்றுவானேன்? பக்கத்துக்கு வேண்டியது எண்ணும் முடியும் தேதியும் மட்டும்தானே. அவ்வளவையும் வைத்தாலும் பெட்டியில் பாதிக்கு மேல் காலியாகவே இருக்கும்.

இனி வருவதுதான் எனக்கு இந்த விஷயத்தில் சுவையான இடம். கேச்சுக்குள் எழுத்துச் சரம் மட்டுமே போகும். எண், தேதி, அணி எதுவானாலும் ஜேசான் என்ற எழுத்து வடிவத்துக்கு மாற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். வெளியே எடுக்கும்போது மறுபடி பிரிக்க வேண்டும். எண்ணும் அணியும் போன மாதிரியே திரும்பி வந்துவிடும். தேதி வராது. உள்ளே தேதியாகப் போனது வெளியே வெறும் எழுத்தாக வந்து நிற்கும். விளைவைப் பாருங்கள்: கேச் காலியாக இருக்கும்போது நிரல் ஷீட்டிலிருந்து நேராகப் படித்த தேதியை வைத்துக்கொண்டு ஒழுங்காக வேலை செய்கிறது. எழுதியவர் சோதித்துப் பார்த்துத் திருப்தியடைந்து மடிக்கணினியை மூடுகிறார். இரண்டாவதாக வரும் சந்தாதாரருக்குக் கேச்சிலிருந்து எழுத்து வருகிறது. அதனிடம் தேதிக்குரிய வேலையைக் கேட்டால் நிரல் விழுந்துவிடுகிறது. பத்து நிமிடம் கழித்துக் கேச் காலாவதியானதும் மறுபடி ஒருவருக்கு மட்டும் சரியாக வேலை செய்கிறது. புகார் வந்து எழுதியவர் திறந்து பார்க்கும் நேரத்தில் அவர்தான் அந்த ஒருவராக இருப்பார்.

விழுந்தால்கூடப் பரவாயில்லை, தெரிந்துவிடும். விழாமல் பொய் சொல்வது இதைவிட மோசம். ஷீட்டில் மார்ச் 31 என்று இருப்பது இந்திய நேரப்படி அன்றைய நள்ளிரவு. ஜேசான் அதைக் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றி எழுதும். ஐந்தரை மணி நேரம் பின்னால் போனால் மார்ச் 30, மாலை 18:30. தேதி மட்டும் போதுமே என்று யாராவது அந்தச் சரத்தின் முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்தால் சந்தா ஒரு நாள் முன்னதாக முடிந்துவிடும். லண்டனில் உட்கார்ந்து பனிக்காலத் தேதிகளை வைத்துச் சோதிப்பவருக்கு இந்தக் கோளாறு கண்ணிலேயே படாது. சென்னையிலும் கொழும்பிலும் ஆண்டு முழுக்கப் படும்.

இதற்கு வைத்தியம் எளிது, ஆனால் கொஞ்சம் அடக்கம் வேண்டும். தேதியை ஷீட்டிலிருந்து எடுத்த உடனேயே நாமே நம் நேரப்படி எழுத்தாக்கிக்கொள்ள வேண்டும். கேச் காலியாக இருந்தபோதும் ஷீட்டிலிருந்து வந்ததை நேராகத் திருப்பித் தரக் கூடாது. சரமாக்கி, மறுபடி பிரித்து, அதையே தர வேண்டும். அதாவது புதிதாகக் கிடைத்த பதிலும் பழைய பதிலும் ஒரே வாசல் வழியாக வர வேண்டும். தேவையில்லாமல் ஒருமுறை சுற்றுவது போலத் தோன்றும். அந்தச் சுற்றுக்கு ஆகும் நேரம் மில்லிநொடிகளில். அது மிச்சப்படுத்துவது ஒரு வாரத்துத் தலைவலி.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பிசகு, இல்லாததை எப்படி நினைவில் வைப்பது என்பது. பட்டியலை மொத்தமாக வைக்காமல், ஒவ்வொரு சந்தா எண்ணையும் தனித்தனிப் பெயரில் கேச்சில் போடும் நிரல் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தப்பான எண்ணைத் தட்டுகிறார். ஷீட்டில் இல்லை. நிரல் எதையும் கேச்சில் போடாமல் ‘இல்லை’ என்று சொல்கிறது. அவர் நம்பாமல் மறுபடி தட்டுகிறார். நிரல் மறுபடி ஷீட்டுக்குப் போகிறது. இருப்பவர்களுக்கு நொடியில் பதில் சொல்லும் அந்தப் பக்கம், இல்லாதவர்களுக்காக மட்டும் ஓடி ஓடி உழைக்கிறது. தேடிப் பார்த்து இல்லை என்று தெரிந்துகொண்டதும் ஓர் அறிவுதான். அதையும் சேமிக்க வேண்டும். ஆனால் வெற்றுச் சரமாகச் சேமித்தால், ஜாவாஸ்கிரிப்டில் வழக்கமாக எழுதும் ‘இருந்தால்’ என்ற சோதனை அதையும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளும். சேமித்த பூஜ்யம் திரும்பும்போது எழுத்தாகத் திரும்புவதால் அது ‘உண்டு’ பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். தெரியாது என்பதும் தெரிந்தவரை இல்லை என்பதும் வேறு வேறு என்று தர்க்கம் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். இங்கே அது, கேச் தந்தது வெற்று மதிப்புதானா என்று ஒப்பிடும் ஒரு சமக்குறியில் வந்து நிற்கிறது.

கேச் எத்தனை பொருள்களை வைத்துக்கொள்ளும்? ஆயிரம். அதைத் தாண்டினால், காலாவதிக்கு அதிக நேரம் மிச்சமிருக்கும் 900ஐ மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். கையேட்டில் ஒரே வாக்கியமாக இருக்கும் இந்த விதியை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஐபிஎம்மில் இருந்த லாஸ்லோ பெலாடி 1966இல் ஒன்றைச் சொன்னார்: இடம் போதாதபோது எதை வெளியேற்றுவது என்றால், இனி வெகுநேரம் யாரும் கேட்கப்போகாததை. இதைவிடச் சிறந்த வழி இருக்க முடியாது. ஆனால் எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாது என்பதால் மற்ற கேச்சுகள் கடந்த காலத்தை வைத்து ஊகிக்கின்றன: அண்மையில் கேட்டதை வைத்துக்கொள், வெகுநாளாகக் கேட்காததை விடு. ஆப்ஸ் ஸ்கிரிப்ட் ஊகிக்கவே இல்லை. யார் அதிக நேரம் இருப்பேன் என்று சொன்னாரோ அவருக்கு இடம். நிமிடத்துக்கு நூறு தடவை கேட்கப்படும் ஐந்து நிமிடப் பொருள் வெளியே போகும். ஒருவரும் சீண்டாத ஆறு மணி நேரப் பொருள் சட்டமாக உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றுக்கும் 21,600 என்று எழுதிவிடும் பழக்கம் இதனால்தான் எனக்குப் பிடிப்பதில்லை. ஒரே நிரலுக்குள் ஒரு மூலையில் நாம் காட்டும் பேராசை இன்னொரு மூலையின் ஞாபகத்தைப் பறிக்கிறது.

யாருடைய ஞாபகம் என்ற கேள்வியும் உண்டு. மூன்று வகை வைத்திருக்கிறார்கள்: நிரலைப் பயன்படுத்தும் எல்லாருக்கும் பொதுவானது, ஒவ்வொரு பயனருக்கும் தனியானது, ஒவ்வோர் ஆவணத்துக்கும் தனியானது. சந்தா விலை, இதழ் வெளியான தேதி போன்றவை பொதுவில் போகலாம். ஒருவரின் வீட்டு முகவரி போகக் கூடாது. கவனக்குறைவாக எல்லாருடைய முகவரியையும் ‘முகவரி’ என்ற ஒரே பெயரில் பொதுக் கேச்சில் போட்டால், அடுத்து வருபவருக்கு முன்பு வந்தவரின் கதவு எண் தெரியும். இது கற்பனைப் பயமல்ல. 2015 கிறிஸ்துமஸ் அன்று, விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் தளத்தின் மீது ஒரு தாக்குதல் நடந்தது. சுமையைத் தாங்க அவசரமாக மாற்றிய கேச் விதிகளில் ஒன்று பிசகியது. சுமார் ஒன்றரை மணி நேரம், ஒருவருக்காகத் தயாரான பக்கங்கள் வேறொருவருக்குப் போயின. பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் சுமார் 34,000 பேர் என்று அதன் உரிமையாளரான வால்வ் நிறுவனமே பின்னர் அறிவித்தது. யாரும் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. ஞாபகம் ஆள் மாறிப்போயிற்று, அவ்வளவுதான்.

கேச் சர்வீஸைப் பற்றிக் கூகுள் தரும் முக்கியமான எச்சரிக்கை, நாம் கேட்ட நேரம் வரை பொருள் இருக்கும் என்று உறுதி கிடையாது என்பது. பத்து நிமிடம் கேட்டால் இரண்டாவது நிமிடத்திலேயே காணாமல் போகலாம். அப்போது கேட்டால் கோபமும் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை, வெற்று மதிப்புதான். எனவே கேச்சை முழுக்க எடுத்துவிட்டாலும் நிரல் மெதுவாகவேனும் சரியான பதிலைச் சொல்ல வேண்டும். பாதி நிரப்பிய படிவத்தையும் கட்டணம் வந்ததற்கான குறிப்பையும் கேச்சில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவற்றுக்கு இடம் ப்ராப்பர்ட்டீஸ் சர்வீஸ். அங்கே ஒரு மதிப்புக்கு 9 கிலோபைட்தான், ஆனால் நாமாக அழிக்கும்வரை இருக்கும். தொலைந்தால் திரும்பச் செய்துகொள்ள முடிவது மட்டுமே கேச்சுக்குரியது.

தொலைவதைவிடத் தொலையாமல் பழையதாகிப்போவதுதான் வாசகரைத் தொடும். பேருந்து நிலையத்துச் சுவரில் பெயிண்டால் எழுதிய நேரப் பட்டியலைப் பார்த்து நின்று ஏமாந்தவர்களுக்கு இது தெரியும்: பட்டியல் ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. நேற்று மாலை பணம் கட்டிய சந்தாதாரர் பக்கத்தைத் திறந்து ‘முடிந்துவிட்டது’ என்று பார்த்தால் உடனே தொலைபேசியை எடுப்பார், எடுக்க வேண்டியதுதான். இதைத் தவிர்க்க, ஷீட்டில் கைவைக்கும்போதே கேச்சில் உள்ளதை அழித்துவிடலாம். ஷீட்டைத் திருத்தினால் தானாக ஓடும் ஆன்எடிட் என்ற வசதி இருக்கிறது. ஆனால் அது மனிதர் கையால் திருத்தினால் மட்டுமே ஓடும். இன்னொரு ஸ்கிரிப்ட் வந்து அதே கட்டத்தை மாற்றினால் ஓடாது. பணம் கட்டியதைப் பதிவதே ஒரு ஸ்கிரிப்ட் என்றால் அதற்குள்ளும் அழிக்கும் வரியை எழுத வேண்டும். இதைவிட எனக்குப் பிடித்தது, பெயருக்குள்ளேயே ஒரு பதிப்பு எண்ணைச் சேர்த்துவிடுவது. பட்டியல் மாறினால் எண்ணை ஒன்று கூட்டினால் போதும். பழைய பெயரை இனி யாரும் கேட்க மாட்டார்கள். தன் நேரம் வந்ததும் அது தானாகப் போய்விடும்.

கேச் காலாவதியாகும் அந்தக் கணத்தில் கூட்டம் காத்திருந்தால் வேறு சங்கடம். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வெற்று மதிப்பு கிடைக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் மூலத்துக்கு ஓடுவார்கள். 2010 செப்டம்பர் 23 அன்று ஃபேஸ்புக் இரண்டரை மணி நேரம் விழுந்து கிடந்தது இந்த வகையில்தான். கேச்சில் தவறான அமைப்பு மதிப்பு இருந்தால் மூலத்திலிருந்து சரியானதை எடுத்துப் போடுவதற்கென்று ஒரு தானியங்கி ஏற்பாடு வைத்திருந்தார்கள். அன்று மூலத்திலேயே தவறான மதிப்பு ஏறிவிட்டது. ஒவ்வொரு எந்திரமும் அதைத் திருத்தப் போய்த் தரவுத்தளத்தைக் கேட்க, நொடிக்கு லட்சக்கணக்கில் கேள்விகள் குவிந்தன. தரவுத்தளம் திணறிப் பிழை சொன்னபோது அதையும் தவறான மதிப்பு என்று எண்ணிக் கேச்சை அழித்தன. அழித்ததால் இன்னும் அதிகம் கேட்டன. மூலத்தைச் சரிசெய்த பிறகும் சுழற்சி நிற்கவில்லை. கடைசியில் தளத்தையே அணைத்துத்தான் நிறுத்தினார்கள். ஆப்ஸ் ஸ்கிரிப்டில் இதற்கு லாக் சர்வீஸ் உண்டு: பூட்டைப் பிடித்தவர் மட்டும் ஷீட்டுக்குப் போகலாம்; மற்றவர்கள் பூட்டு திறந்ததும் முதலில் கேச்சை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது பார்வையை எழுத மறந்தால் வரிசையில் நின்று ஒவ்வொருவராக அதே வேலையைச் செய்வார்கள். சிறுபத்திரிகைக்கு இந்தக் கவலை இல்லை. ஒரே நொடியில் பத்துப் பேர் சந்தாவைப் பற்றி விசாரித்தால் அன்றைக்கு ஆசிரியர் இனிப்பு வாங்கலாம்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவது காலாவதிக்கு எந்த எண்ணைப் போடுவது என்பதுதான். எந்தக் கையேடும் அதைச் சொல்லாது, சொல்லவும் முடியாது. கேட்க வேண்டியது ஒன்றே: இந்தத் தகவல் பழையதாக இருந்தால் யாருக்கு, எவ்வளவு நேரம் பரவாயில்லை? இதழ் உள்ளடக்கம் ஆறு மணி நேரம் பழையதாக இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. பணம் கட்டியவருக்கு ஐந்து நிமிடமே அதிகம். இதற்கான பதில் நிரல் எழுதுபவரிடம் இருக்காது. தொலைபேசியை எடுத்துப் பேசும் அலுவலக உதவியாளரிடம் இருக்கும். அவரைக் கேளுங்கள். கேட்டு வந்த எண்ணை எழுதும்போது, ஏன் இந்த எண் என்று பக்கத்தில் ஒரு வரிக் குறிப்பும் எழுதிவிடுங்கள். அடுத்த ஆண்டு அந்தக் கோப்பைத் திறப்பவர் நீங்களாக இருந்தாலும் காரணம் நினைவிருக்காது.